காலடிப்பேட்டையின் ஆளுநர்: சென்னை மாகாண ஆளுநர் வரலாற்றெழுத்தும் வடசென்னைப் பெயர்வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னை மாகாண ஆளுநர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரிதும் கோட்டைக்குள்ளிருந்து எழுதப்பட்டவை. வடசென்னையில் அவர்தம் பெயர்கள் பேட்டையாகவும் பூங்காவாகவும் மருத்துவமனையாகவும் கால்வாயாகவும் நின்று வேறு செய்திகளைச் சொல்கின்றன. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட்டின் கடித ஏடுகளையும், அவர் பெயரால் அமைந்த திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையின் கோயிற்கதையையும் இக்கட்டுரை எதிரெதிரே வைத்து வாசிக்கிறது. கோயிற்கதையை ஆளுநரின் நற்குணத்துக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கத்தை மறுத்து, அப்பேட்டைக்குக் காரணமான நெசவாளர் இரு சான்றுகளிலும் இடம்பெறாமையைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆளுநர் வரலாறு, ஜோசப் காலெட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர், இடப்பெயர், நெசவாளர், வாய்மொழி வழக்காறு.

1. பதவிக்காலமே காலமாக

சென்னை நகரின் வரலாற்றை எழுதப் புகுந்த தொடக்ககால ஆங்கில நூலாசிரியர்களுக்குக் காலம் என்பது ஆளுநரின் பதவிக்காலம். ஜே. டால்பாய்ஸ் வீலர் 1861-இல் வெளியிடத் தொடங்கிய பழைய சென்னை பற்றிய நூல் கோட்டைப் பதிவேடுகளைத் தொகுத்துரைப்பது. இன்ன ஆளுநரின் ஆட்சி என்பதே அதன் இயல் பகுப்புக்கு அடிப்படை. ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் மூன்று தொகுதிகளாகக் கொணர்ந்த பெருந்தொகுப்பும் அவ்வரிசையையே பின்பற்றியது. நகரின் முந்நூறாம் ஆண்டான 1939-இல் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதிய நகர வரலாறும் இவ்வமைப்பிலிருந்து பெரிதும் விலகவில்லை.

இதற்கு நூலாசிரியர்களைக் குறைகூறுவதற்கில்லை. அவர்களுக்குக் கிடைத்த முதன்மைச் சான்று, ஆளுநரும் அவரது மன்றமும் கூடி எடுத்த முடிவுகளை நாள்வாரியாகப் பதிந்த ஆலோசனை ஏடு. சான்றின் உருவமே நூலின் உருவமாயிற்று. ஆயினும் அதன் விளைவு மொழியளவில் ஆராயத்தக்கது. ஆளுநர் எல்லா வாக்கியங்களுக்கும் எழுவாய் ஆகிவிடுகிறார். அவர் ஊர்களைப் பெற்றார், பேட்டையை அமைத்தார், கால்வாயை வெட்டினார், மருத்துவமனையைக் கட்டினார். இந்நூல்களை வழிநூலாகக் கொண்டு தமிழில் எழுதுவோரும் அப்படியே எழுதிவிடுகின்றனர். தமிழிலோ இதற்கு வேறு வாய்ப்பு உண்டு. தன்வினையையும் பிறவினையையும் வினைச்சொல்லிலேயே பிரித்துக்காட்டும் மொழி இது. சோழர் கல்வெட்டுகள் அரசனைப் பற்றிச் சொல்லும்போதுகூடக் கோயிலை ‘எடுப்பித்த’ என்று எழுதின. கல் சுமந்தவன் வேறு என்பதை அந்தப் ‘பி’ விகுதி ஒப்புக்கொள்கிறது. பேரரசனுக்கு மறுக்கப்பட்ட தன்வினை, மூன்றாண்டு பதவியிலிருந்த வணிகக் குழும அலுவலருக்கு வழங்கப்படுவது விந்தையே.

2. ஐந்து ஊர்களும் ஒரு வைரமும்

வடசென்னை கும்பினியின் கைக்கு வந்த வரலாறு 1708-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு தாவூத்கானிடமிருந்து ஆளுநர் தாமஸ் பிட் ஐந்து ஊர்களுக்கான உரிமையைப் பெற்றார். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்பன அவை. கடைசி ஊர் நீங்கலாக நான்கும் கோட்டைக்கு வடக்கே உள்ளவை. கத்திவாக்கம் இன்றைய எண்ணூரைச் சார்ந்தது. 1742-இல் எர்ணாவூர், சடையங்குப்பம், பெரம்பூர், வேப்பேரி, புதுப்பாக்கம் ஆகியவை சேர்ந்தன. இன்றைய தொழிற்பட்டையின் பெரும்பகுதி இவ்விரு கொடைகளுக்குள் அடங்கும்.

தாமஸ் பிட்டின் வாழ்க்கையை எழுதியோருக்கு இச்செய்தி முக்கியமாகப் படவில்லை. அவர் 1698 முதல் 1709 வரை பதவியிலிருந்தவர். இங்கிலாந்தின் தலைமையமைச்சர் ஒருவருக்குப் பாட்டனார். அவரது வாழ்க்கையைச் சுவையுறச் செய்வது அவர் சென்னையில் வாங்கி, 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்ற வைரம். அதன் எடை, விலை, அது பாரிசு போய்ச் சேர்ந்த விதம் ஆகியவை விரித்துரைக்கப்பட, ஐந்து ஊர்கள் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. வாழ்க்கை வரலாறு என்னும் வகைமையின் இயல்பு இது. ஆளுநருடன் தாயகம் திரும்பியதை அது பின்தொடரும். திரும்பாமல் இங்கேயே நின்றதை விட்டுவிடும். வைரம் கப்பலேறியது. கத்திவாக்கம் இங்கேயே இருந்தது.

ஐந்து ஊர்களும் சில ஆண்டுகளிலேயே நவாபின் தரப்பால் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன. தில்லிப் பேரரசர் பரூக்சியரிடமிருந்து கும்பினித் தூதுக்குழு பெற்று வந்த ஆணை 1717-இல் அவ்வுரிமையை மீட்டளித்தது. தாளில் மீண்டது தரையில் எளிதாக மீளவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் கும்பினிப் படை திருவொற்றியூருக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஒரு சிறு போரே நடந்தது. வைரம் விலைபோன அதே ஆண்டில் திருவொற்றியூர் துப்பாக்கிமுனையில் எடுக்கப்பட்டது. அப்போது ஆளுநர், அவ்வாண்டு சனவரியில் பதவியேற்ற ஜோசப் காலெட்.

3. கடித ஏட்டில் காலெட்

காலெட்டைப் பற்றி அறிய ஓர் அரிய சான்று உண்டு. அவர் எழுதிய தனிக்கடிதங்களின் படியேடுகள் குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்து, 1933-இல் எச். எச். டாட்வெல்லைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சேறின. டாட்வெல் முன்னர்ச் சென்னை ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளராயிருந்தவர். முன்னுரை எழுதியவர் அக்குடும்பத்தைச் சேர்ந்த கிளாரா காலெட்.

1673-இல் பிறந்த காலெட், நிலைபெற்ற இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே நின்ற பாப்டிஸ்டு மரபினர். வணிகத்தில் நொடித்து, கடன் தலைக்குமேல் போனபின் கும்பினிப் பணிக்கு வந்தார். சுமத்திராவின் பென்கூலனில் சில ஆண்டுகள் துணை ஆளுநராயிருந்து, அங்கே மார்ல்பரோ கோட்டையைத் தொடங்கிவைத்த பின்னரே சென்னை வந்தார். கடன்காரர்களுக்குத் திருப்பிச் செலுத்துவதும் மகள்களின் எதிர்காலமும் அக்கடிதங்களில் மீண்டும் மீண்டும் வரும் பொருள்கள். ஆளுநர் பதவி அவருக்கு முதலில் கடனடைக்கும் வழி. இதை மறைக்காமல் எழுதும் நேர்மை அவரிடம் உண்டு. 1716-இல் அமோய் சின்குவா என்னும் சீனக் கைவினைஞர் வனைந்த அவரது வண்ணச் சிற்றுருவம் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. பொய்முடியும் நீள்சட்டையும் அணிந்து, ஒரு கையை இடுப்பிலூன்றி நிற்கும் அவ்வுருவம் தொலைவிலிருந்த குடும்பத்துக்குத் தம்மைக் காட்ட அவர் அனுப்பியது.

வரலாற்றாசிரியர்கள் காலெட்டை நன்கு அறிந்திருப்பதாகக் கருத இவ்வளவு போதும். ஆனால் திருவொற்றியூர் வாசகருக்கு இந்நூலில் கிடைப்பது மிகக் குறைவு. கடிதங்கள் லண்டனை நோக்கி எழுதப்பட்டவை. பேட்டையைப் பற்றி மகளுக்கு எழுதும் தேவை தந்தைக்கு இல்லை.

கிளாரா காலெட்டைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறுதல் வேண்டும். அவர் வெறும் குடும்பப் பெருமை பேசியவர் அல்லர். சார்லஸ் பூத் நடத்திய லண்டன் உழைப்பாளர் ஆய்வில் பங்கேற்று, கிழக்கு லண்டனில் தையலும் பிற கைத்தொழிலும் செய்து பிழைத்த பெண்களின் நிலையை வீதிவீதியாக ஆராய்ந்தவர். பின்னர் அரசின் தொழிலாளர் துறையில் பணியாற்றியவர். கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணிநேரம் என்று கேட்கப் பயின்ற ஆய்வாளர் அவர். அக்கேள்வி முன்னோரின் ஏட்டைத் திறந்தபோது எழுந்திருந்தால் அந்நூல் வேறாயிருந்திருக்கும். அதற்கான சான்று அந்த ஏட்டிலேயே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

4. கோயிற்கதையில் காலெட்

திருவொற்றியூரில் காலெட்டுக்கு இன்னொரு வாழ்க்கை வரலாறு உண்டு. அது காலடிப்பேட்டைக் கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலின் தோற்றக் கதை. வீரராகவன் என்னும் அடியவர் காலெட்டிடம் பணிபுரிந்தார். நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதராசரை வணங்கிய பின்னரே பணிக்கு வருவார். தாமதத்தைக் கண்ட ஆளுநர் காரணம் கேட்டு, நம்பாமல், காஞ்சியில் இந்நேரம் நடப்பது யாது என்று சோதித்தார். விழாவில் நேர்ந்த தடையொன்றை வீரராகவன் இருந்த இடத்திலிருந்தே சொன்னார். ஆளனுப்பி விசாரித்தபோது அது உண்மையென்று தெரிந்தது. வியந்த ஆளுநர், அவர் இனி அலைய வேண்டாதபடி இங்கேயே கோயில் எழுப்பச் செய்தார். நின்றது தேரா, சிக்கியது குடையா என்பன போன்ற விவரங்கள் சொல்வோருக்கேற்ப மாறும். கதையின் எலும்புக்கூடு மாறுவதில்லை.

சென்னை தினக் கட்டுரைகளும் தலவரலாற்றுத் துண்டுநூல்களும் இக்கதையைப் பெரும்பாலும் இரண்டிலொரு வகையில் கையாள்கின்றன. ஒன்று, வெள்ளையரும் பெருமாளின் பெருமையை உணர்ந்தார் எனப் போற்றுதல். மற்றது, சமயப்பொறை மிக்க ஆளுநர் என்று காலெட்டுக்குச் சான்றிதழ் வழங்குதல். இரண்டுமே கதையை நிகழ்ச்சியாகக் கொள்கின்றன. உருவ வழிபாட்டை ஏற்காத மரபில் வளர்ந்து, சமயக் கோட்பாட்டில் தமக்கெனக் கருத்துடையவராய்க் கடிதம் எழுதிய காலெட்டும் கோயிற்கதையின் காலெட்டும் எப்படி ஒருவராவர் என்ற எளிய கேள்வி எழுப்பப்படுவதில்லை.

இக்கதை தனித்ததும் அன்று. மதுராந்தகம் ஏரிகாத்த இராமரைக் கண்ட ஆட்சியர் பிளேஸ், மீனாட்சிக்குப் பொன் அங்கவடி அளித்த மதுரை ஆட்சியர் ரோஸ் பீட்டர், பவானி சங்கமேசுவரர் கோயிலுக்குத் தந்தக் கட்டில் தந்த வில்லியம் காரோ, மந்திராலயத்தில் இராகவேந்திரரோடு உரையாடிய மன்றோ, காஞ்சி வரதராசருக்கு அணிகலன் சாத்திய கிளைவ் என ஒரு வரிசையே உண்டு. இவ்வரிசையில் பெரும்பாலோர் வருவாய்த்துறை அலுவலர்கள். அவர்கள் காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கமும். கோயில் நிலமும் மானியமும் ஆட்சியரின் மேற்பார்வைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதி அதைச் சட்டமாகவே ஆக்கியது. கணக்குக் கேட்க வந்தவனைக் காணிக்கை தர வந்தவனாக மாற்றிக்கொள்வது அக்கதைகளின் வேலை. ஆட்சியரின் அதிகாரத்தை மறுக்க இயலாத கோயில், அவ்வதிகாரத்தைத் தெய்வத்துக்குக் கீழே வைத்து ஏற்றுக்கொண்டது.

காலெட்டின் கதை இவ்வரிசைக்கு ஒரு நூற்றாண்டு மூத்த ஆளுநரைப் பற்றியது. 1717-இல் கும்பினிக்குக் கோயில் மானியத்தின்மீது அத்தகைய ஆட்சி கிடையாது. ஆகவே, கதை இன்றுள்ள உருவில் பிற்காலத்தில் அமைந்து முன்னோக்கிப் பொருத்தப்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு. கதையின் மையச் சிக்கலும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பணியாளர் தாமதமாக வருகிறார் என்பதே அச்சிக்கல். பூசலார் நாயனார் கதையில் மன்னனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்கிறான் சிவன். அங்கே அடியவரின் மனக்கோயிலுக்காக அரசனின் நாள் மாறுகிறது. காலடிப்பேட்டையில் ஆளுநரின் நேரம் மாறவில்லை. கோயில்தான் இடம்மாறுகிறது. காஞ்சியே பேட்டைக்கு வந்துவிட்டபின் வீரராகவன் குறித்த நேரத்தில் பணிக்கு வருவார். பக்தர் பெருமாளைப் பெற்றார், கும்பினி தன் வேலைநேரத்தைப் பெற்றது. அலுவலகக் கடிகாரத்துக்குப் பழகிப்போன ஒரு தலைமுறை சொல்லியிருக்கக்கூடிய கதை இது. இவ்வளவு நுட்பமான ஓர் உடன்படிக்கையைச் சமயப்பொறை என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவது கதைக்கே செய்யும் குறை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இது யாருடைய கதை? ஆளுநரின் அருகே நின்று, அவரிடம் பேசவல்ல, அவர் கேள்வி கேட்டால் விடைசொல்லும் இடத்திலுள்ள ஒருவரின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அவ்விடம் துபாஷியினுடையது. புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் அவ்விடத்திலிருந்தே ஆளுநர்களைக் கண்டார். துய்ப்ளெக்சின் சினமும் தயக்கமும் கோட்டைப் பதிவேட்டை விட அவரிடம் தெளிவாகத் தெரிவதற்கு அதுவே காரணம். பிள்ளை தம் வணிக நலனை மறைக்காமல் எழுதினார். கோயிற்கதை அதை அருளாக மாற்றிச் சொல்கிறது. ஆனால் இரண்டுமே ஆளுநரின் வாசற்படியில் நிற்போரின் பார்வை. தறியடியிலிருந்து ஆளுநரைப் பார்த்தவரின் பார்வை இவற்றில் இல்லை.

5. காலெட்டும் காலடியும்

நெசவாளரையும் துணியில் வண்ணந்தீட்டுவோரையும் திருவொற்றியூரில் குடியமர்த்தி உருவான பேட்டைக்கு ஆளுநரின் பெயரிடப்பட்டது. ‘காலெட்பேட்டை’ காலடிப்பேட்டை ஆனது ஒலியியல்படி வியப்பில்லை. ஈற்று மெய்க்குப் பின் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வதும், பொருளற்ற ஒலித்தொடரைப் பொருளுள்ள தமிழ்ச்சொல்லுக்கு இழுத்துக்கொள்வதும் பேச்சுவழக்கின் இயல்பு. ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதியாகி, அது மீண்டும் ஆங்கிலத்தில் நாவிதர் பாலமாகத் திரும்பிய கதை பலரும் அறிந்தது. காலடிப்பேட்டை அந்த அளவுக்கு நகைப்புக்கிடம் தரவில்லை. பெருமாள் கோயிலைச் சுற்றிய ஊருக்குக் ‘காலடி’ என்பது பொருந்தியே போயிற்று. திருவடி நினைவு வர, ஆளுநர் நினைவு மங்கியது.

இதைச் சிதைவு என்று கூறி மூலப்பெயரை மீட்டெடுக்க விரும்பும் ஆர்வலர் உண்டு. அந்த விருப்பம் ஏற்கத்தக்கதன்று. மூலம் என்பது பதிவேட்டில் மூன்றாண்டு ஆளுநரின் பெயர். திரிபு என்பது முந்நூறு ஆண்டு வழக்கு. குழித்தறியில் அமர்ந்து காலால் மிதியை இயக்கிய நெசவாளரின் ஊருக்குக் காலடி என்பதே தகும் என்று தோன்றலாம். ஆனால் அது சொற்பிறப்பு ஆகாது, அவ்வாறு எழுதுவதும் இன்னொரு தலபுராணமாகவே முடியும்.

2021 பிப்ரவரியில் வடக்கு நோக்கி நீட்டிக்கப்பட்ட மெட்ரோ பாதை இப்பெயர்களை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவின் நினைவால் பெயர்பெற்றதாக வழங்கும் தண்டையார்பேட்டை, சற்றுத் தள்ளிச் சுங்கச்சாவடி, பிறகு காலடிப்பேட்டை, திருவொற்றியூர்த் தேரடி, திருவொற்றியூர், கடைசியில் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் விம்கோ நகர். சூபிக் கவிஞர், வரி, ஆளுநர், தியாகராசரின் தேர், தொழிற்சாலை. நகர வரலாற்று நூல்களின் இயல் பகுப்பு இவ்வளவு கலப்பை அனுமதித்ததில்லை.

6. ராபின்சன், ஸ்டான்லி, பக்கிங்காம்

பதவிக்காலத்தின் நீளத்துக்கும் செயலின் பெருமைக்கும் பெயர் நிலைப்பதற்கும் தொடர்பில்லை என்பதற்கு ராயபுரத்துச் சுற்றுவட்டாரம் சான்று. ஆளுநர் ஹோபார்ட் 1875 ஏப்ரலில் சென்னையிலேயே காய்ச்சலில் இறந்தபோது, நவம்பர் வரை தற்காலிக ஆளுநராயிருந்தவர் வில்லியம் ராபின்சன். அதற்கு முன்னர் மாகாணக் காவல்துறையின் முதல் தலைவர். ஆளுநர் பட்டியலில் அவர் ஓர் இடைச்செருகல். ராபின்சன் பூங்காவின் பெயர் அவரைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அப்பெயரைத் தமிழக அரசியல் வரலாறு மறவாதிருப்பதற்குக் காரணம் அவரல்லர். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் அங்கு நடந்ததே காரணம். காவல்துறைத் தலைவரின் பெயர் ஓர் எதிர்ப்பியக்கத்தின் பிறப்பிடமாக நினைவுகூரப்படுவது அவரே எண்ணியிராத பணிவாழ்வு. பூங்காவுக்குப் பின்னர் அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் அந்நிகழ்ச்சியை எழுதுவோர் ராபின்சனைத் தவிர்க்க முடிவதில்லை.

ஸ்டான்லி மருத்துவமனையில் நிலைமை வேறு. ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி 1929 முதல் 1934 வரை ஆளுநர்; வேதாரண்ய உப்புப் போராட்டத்தின்போது மாகாண ஆட்சி அவர் கையில் இருந்தது. ராயபுரத்து மருத்துவப் பள்ளியை உயர்த்தியதன் நினைவாக நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியது. கல்லூரி 1938-இல் தொடங்கியது. வடசென்னை மக்களிடம் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அது கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி. ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்து 1782-இல் நேர்ந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது. ஆவணம் ஆளுநரின் பெயரைப் பதிந்தது, பசித்தவர் நாக்கு தொட்டியை நினைவில் வைத்தது. ஒன்றரை நூற்றாண்டு பிந்திய பெயர்ப்பலகையால் அந்த நினைவை அகற்ற இயலவில்லை. நோயாளிகள் இரு பெயர்களையும் இடமறிந்து பயன்படுத்துகின்றனர்: படிவத்தில் ஸ்டான்லி, ஆட்டோக்காரரிடம் கஞ்சித்தொட்டி.

எண்ணூருக்குச் செல்லும் கால்வாயிலும் பஞ்சமே பேசுகிறது. அதன் வடபகுதி 1806-இல் கோக்ரேன் என்பவர் முயற்சியால் அமைந்தது. நகரின் ஊடாக வட, தென் கால்வாய்களை இணைத்த துண்டு 1877–78-இல், பெரும்பஞ்சத்தின்போது நிவாரணக் கூலிகளால் தோண்டப்பட்டது. முழுமைக்கும் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வந்தது. நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் வற்புறுத்தியதை இந்த ஆளுநர் எதிர்த்தார் என்பது உண்மை. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் ‘பக்கிங்காம் வெட்டிய கால்வாய்’ என்று தமிழில் எழுதுகிறபோது, அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவரை இலக்கணமே அழித்துவிடுகிறது. ‘வெட்டுவித்த’ என்பது பழைய வழக்காகத் தோன்றினாலும் அதுவே சரியான வரலாறு.

7. தறியடி

காலடிப்பேட்டைக்குத் திரும்பினால், கோயில் எழுந்ததற்கு அற்புதம் தேவைப்படாத ஒரு விளக்கம் உண்டு. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டபோது அங்கு யார் குடியேறலாம் என்று கோட்டை வகுத்த முடிவு பதிவாகியுள்ளது. நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், துணி வெளுப்போர் ஆகியோருடன் அந்தணரும் ஆடல்மகளிரும் கோயிலுக்கு வேண்டிய பிற பணியாளரும் அதில் இடம்பெற்றனர். கோயிலில்லாத ஊரில் நெசவாளர் தங்கமாட்டார் என்பது கும்பினிக்குத் தெரியும். தறியும் வரிச்சலுகையும் கோயிலும் சேர்ந்ததே பேட்டை. திருவொற்றியூர் அதற்குப் பதினைந்தாண்டு முந்தியது. அங்கும் இதே கணக்கு செயல்பட்டிருக்கும் எனக் கொள்வது பொருந்தும். துப்பாக்கிமுனையில் எடுத்த ஊரை உரிமையாக்கிக்கொள்ள அங்கே தன் குடிகளை நிறுத்துவதைவிடச் சிறந்த வழி வேறில்லை. சிந்தாதிரிப்பேட்டை சின்னத்தறிப்பேட்டை என்று தறியின் பெயரைப் பெற்றது. வெளுப்போரின் ஊர் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. காலெட்டின் பேட்டையில் மட்டும் தொழிலின் பெயரும் நிலைக்கவில்லை.

அத்துணிகள் போய்ச்சேர்ந்த இடத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1719-இல், காலெட் பதவியிலிருந்தபோதே, லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர் வீதிக்கு வந்து, இந்திய அச்சுத்துணி அணிந்த பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். அதன் விளைவாக 1721-இல் அத்துணியை அணிவதையே தடுக்கும் சட்டம் வந்தது. கிளாரா காலெட் பின்னாளில் கூலிக்கணக்கு எடுத்த கிழக்கு லண்டனும் அவ்வட்டாரமே. ஒரே கும்பினியின் இரு முனைகளில் இருந்த நெசவாளருள் லண்டனார் கலகத்தால் வரலாற்றில் இடம்பெற்றனர். திருவொற்றியூர் நெசவாளர் கும்பினிக் கணக்கில் ‘கோர்ஜ்’ என்னும் இருபது துண்டுக் கட்டாக மட்டும் வருகின்றனர். கோயிற்கதையில் அவ்வாறும் வருவதில்லை.

எனவே காலடிப்பேட்டை பற்றிய ஆய்வு காலெட்டின் குணத்தை எடைபோடுவதில் செலவிடும் உழைப்பை வேறு பக்கம் திருப்பலாம். புனித ஜார்ஜ் கோட்டையின் நாளேடும் ஆலோசனை ஏடும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆண்டுவாரியாக அச்சாகியுள்ளன. அவற்றில் ஆளுநரின் முடிவுகளுக்கு இடையே துணி வணிகரின் முறையீடுகளும், முன்பணம் பெற்றுத் துணி தராதோர் பற்றிய புகார்களும் இடம்பெறுகின்றன. இதுவரை அவற்றை வாசித்தோர் ஆளுநரைத் தேடி வாசித்தனர். முன்பணத்தைத் திருப்பாமல் ஊரைவிட்டுப் போனவர்கள் யார், எந்தப் பேட்டையிலிருந்து, எந்தப் பருவத்தில் என்று கேட்டு அதே பக்கங்களை மறுபடி புரட்டினால், பேட்டைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினர் என்பதையாவது மதிப்பிட முடியும். வீரராகவன் தாமதமாக வந்தார் என்பதை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. வராமலே போன நெசவாளர் புகார் வரிகளில்தான் இருக்கின்றனர்.